ராகு காலத்துக்கு முன் பிரான்சுக்குப் போய்வந்தது

எங்கள் வீட்டில் மாப்பிள்ளை விசாரிப்பது அப்பாவின் இலாகா. அதில் வேறு யாரும் மூக்கை நுழைக்க முடியாது. வரன் வந்திருக்கிறது என்று காதில் விழுந்தால் போதும், மில்லில் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்த களைப்பைக்கூடப் பார்க்காமல் வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு பையனுடைய தெருவுக்குக் கிளம்பிவிடுவார். முதலில் சலூன். அடுத்து இஸ்திரி வண்டிக்காரர். கடைசியாகப் பையன் வீட்டுக்கு எதிரே இருக்கிற டீக்கடை. பையனைப் பற்றி நேராகக் கேட்கவே மாட்டார். தெருவில் வீடு வாடகைக்குக் கிடைக்குமா, தண்ணி எத்தனை மணிக்கு வரும் என்று ஆரம்பித்து, அரை மணி நேரத்தில் பையனின் பால்யம் முழுவதையும் கறந்துகொண்டு வந்துவிடுவார்.

இப்படி விசாரித்து விசாரித்தே என் அத்தைக்கு, அதாவது அப்பாவின் ஒரே தங்கைக்கு, வந்த ஐந்து வரன்களைக் கழித்திருந்தார். ஒருவன் டீக்கடை பெஞ்சில் பெரியவர்கள் வந்தும் எழுந்திருக்கவில்லை. ஒருவன் பெற்ற தாயைத் தெருவில் வைத்து அதட்டினான். ஒருவன் குடிக்கிறான், அவனைக் கழித்தது நியாயம். இன்னொருவன் குடிக்கவும் மாட்டான், சிரிக்கவும் மாட்டான் என்று இஸ்திரிக்காரர் சொல்லிவிட்டார். ஐந்தாவது ஏன் நின்றது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதற்குள் அத்தைக்கு இருபத்தொன்பது வயது ஆகிவிட்டது.

"மாவு சலிச்சா கொஞ்சமாவது கீழ விழணும். ஒங்க அப்பா சலிக்கிற சல்லடையில ஓட்டையே கெடையாது" என்பாள் அம்மா. அத்தைக்குக் கேட்கும்படியாகத்தான் சொல்வாள். அத்தை அதற்கும் சிரித்துக்கொள்வார்.

ஆறாவதாகத்தான் பிரான்சு வரன் வந்தது. பையனின் தாத்தா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேவகம் பார்த்துப் பென்ஷனோடு திரும்பிய குடும்பங்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். பெற்றோர் இங்கே புதுச்சேரியிலேயே இருந்தார்கள். பையன் பாரிசுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில், மேரியில் உத்தியோகம். மேரி என்றால் நகராட்சி. எங்கள் கடற்கரையில் வெள்ளையாக நின்ற அந்தப் பழைய கட்டடத்துக்கும் அதுதான் பேர் என்பதால் அப்பாவுக்கு அந்த உத்தியோகத்தின் மேல் உடனே மரியாதை வந்துவிட்டது. போட்டோவில் பையன் கம்பளிக் கோட்டு போட்டு, ஒரு பூச்செடிப் பாத்தி பக்கத்தில் நின்றிருந்தார். அத்தை போட்டோவைப் பார்த்தார். சம்மதமா என்று கேட்டதற்கு, அண்ணன் விசாரிக்கட்டும் என்றார்.

அங்கேதான் அப்பாவுக்குச் சிக்கல். "அந்த ஊரு சலூன்ல போயி நான் எப்பிடி ஒக்கார்றது?" என்று ஒரு மாதம் வீட்டுக்குள்ளேயே நடந்தார். விசாரிக்காமல் பெண்ணைக் கொடுக்கமாட்டார். விசாரிக்கவும் வழியில்லை; சின்ன வயதிலேயே போய்விட்ட பையனைப் பற்றி இங்கே அவர்கள் தெருவில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. வரன் தானாகவே கெட்டுவிடும் போலிருந்தது.

நான் அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். வாய் நீளம். பெரியவர்கள் பேசுகிற இடத்தில் உனக்கென்ன வேலை என்று ஒரு நாளைக்கு நான்கு முறையாவது வாங்கிக் கட்டிக்கொள்வேன். அன்றும் சும்மா இருக்க முடியவில்லை. மாமா கடையில் கம்ப்யூட்டர் இருக்கிறது, அதில் எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று சொல்லிவிட்டேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. முத்தியால்பேட்டையில் ஜாப் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். அந்த வருஷம்தான் டெலிபோன் லைனில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டி இன்டர்நெட் வாங்கியிருந்தார். அந்தத் தெருவிலேயே அதுதான் முதல். சொல்தா வீட்டுக்காரர்கள் பிரான்சுக்கு அனுப்புகிற மனுக்களெல்லாம் அவர் கடைக்குத்தான் டைப் அடிக்க வரும். மாமாவுக்குப் பிரெஞ்சு எழுத்து தெரியும், அர்த்தம் தெரியாது. அத்தை பிரெஞ்சு படித்தவர். காலையில் நர்சரி பள்ளிக்கூடத்தில் வேலை, சாயங்காலம் இரண்டு மணி நேரம் மாமா கடையில் அந்த மனுக்களை அடித்துக் கொடுப்பார். பள்ளிக்கூடம் விட்டதும் நானும் அங்கேயே போய்விடுவேன்.

பிரெஞ்சில் எழுத்துகளின் தலையிலும் காலிலும் கோடும் கொக்கியும் வரும். சாதாரண கீபோர்டில் அது கிடையாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் அழுத்த வேண்டும். மாமா அந்த நம்பர்களையெல்லாம் ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டையின் பின்பக்கம் அழகாக எழுதி, அத்தை உட்காருகிற கம்ப்யூட்டரின் நெற்றியில் ஒட்டியிருந்தார். அத்தைக்கு அது ஒரே மாதத்தில் மனப்பாடம் ஆகிவிட்டது. அட்டை பழசானதும் மாமா புதிதாக ஒன்று எழுதி ஒட்டினார். எதற்கு வீண் வேலை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அத்தை டைப் அடிக்காத நேரத்தில் மாமா எனக்கு இன்டர்நெட் காட்டுவார். லைன் கிடைக்கும்போது அந்தச் சின்னப் பெட்டி தொண்டை கட்டிய சேவல் மாதிரி கத்தும். அப்புறம் ஒரு பக்கம் மெல்ல மெல்ல விரியும். அதில் சில வார்த்தைகளுக்கு மட்டும் அடியில் கோடு போட்டிருக்கும். அதன்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோனால் அம்பு கையாக மாறும். அழுத்தினால் வேறொரு பக்கம். அதில் வேறு கோடு போட்ட வார்த்தைகள். இப்படியே சந்து சந்தாகப் போய்க்கொண்டிருக்கலாம். வழி தப்பினால் மேலே ஒரு அம்பு இருக்கிறது, அதை அழுத்தினால் வந்த வழியே திரும்பிவிடலாம்.

எனக்கு அதில் மிகவும் பிடித்தது நிறம்தான். நாம் இன்னும் போகாத வார்த்தை நீலமாக இருக்கும். ஒரு முறை போய் வந்துவிட்டால் ஊதாவாக மாறிவிடும். "போன எடத்துக்கே திரும்பத் திரும்பப் போயி லைன வீணாக்காத. ஊதாவா இருந்தா ஏற்கனவே பாத்தாச்சுன்னு அர்த்தம்" என்று மாமா சொல்லிக் கொடுத்திருந்தார். நான் ஒரு பக்கத்தில் உள்ள அத்தனை நீலத்தையும் ஊதாவாக்கிவிட்டுத்தான் எழுந்திருப்பேன். அங்கே என்ன எழுதியிருந்தது என்று கேட்டால் தெரியாது.

அப்பா கேட்டதும் மாமா முதலில் பிடி கொடுக்கவில்லை. பிரான்சு லைன் சரியாகக் கிடைக்காது, அந்தச் சின்ன ஊருக்கெல்லாம் பக்கமே இருக்காது என்று இழுத்தார். அந்த ஊருக்குப் பக்கம் உண்டா இல்லையா என்று அவர் தேடிக்கூடப் பார்க்காமல் சொன்னது எனக்கு எரிச்சலாக இருந்தது. கம்ப்யூட்டரில் இல்லாத ஊரே கிடையாது என்று நேற்றுத்தான் என்னிடம் பீற்றிக்கொண்டிருந்தார். அதையும் அப்பாவிடம் சொல்லிவைத்தேன். மாமா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகு காலம் ஆரம்பம். அதற்குள் விசாரித்து முடித்துவிட வேண்டும் என்று மூன்று மணிக்கே அப்பா கிளம்பினார். அதே வெள்ளை வேட்டி, சந்தனக் கலர் சட்டை, நெற்றியில் விபூதி. தனக்கு வரப்போகிற மாப்பிள்ளையைப் பெண்ணே விசாரிக்க வரக்கூடாது என்பதால் அத்தை வீட்டிலேயே இருந்தார். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் என்ற தகுதியில் நான் போனேன். எனக்கு ஒரே தலைக்கனம்.

அப்பா கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "இப்ப அங்க மணி என்ன மச்சான்? தூங்குற நேரத்துல போயி நிக்கப் போறோம்" என்றார். அங்கே இப்போது காலை என்று மாமா சொன்னதும் அடுத்த சந்தேகம் வந்தது. ராகு காலம் இந்த ஊர்க் கணக்கா, அந்த ஊர்க் கணக்கா?

"கெளம்புற எடத்துக்குத்தான் மாமா ராகு காலம்" என்றார் மாமா, முகத்தில் சிரிப்பே இல்லாமல். அக்கா புருஷனை அவரும் மாமா என்றுதான் கூப்பிடுவார்.

பெட்டி கத்தி முடித்தது. அப்பா முதலில் பையன் பெயரைப் போட்டுத் தேடச் சொன்னார். தேடினால் எழுநூறோ எண்ணூறோ வந்து நின்றது. அதில் ஒன்றுகூட நம் பையன் இல்லை. இத்தனை பேர் இந்தப் பெயரில் உலகத்தில் இருக்கிறார்களா என்று அப்பாவுக்கு மலைப்பாகிவிட்டது. "ஆளத் தேடக் கூடாது மாமா, ஊருக்குப் போயி ஆளப் புடிக்கணும்" என்றார் மாமா. அது அப்பாவின் சொந்த வழிமுறை என்பதால் உடனே ஒப்புக்கொண்டார்.

ஊர்ப் பக்கம் திறந்தது. மேலே ஒரு படம் வந்துகொண்டிருந்தது. முதலில் ஒரு வழுக்கைத் தலை, ரொம்ப நேரம் கழித்துப் புருவம், அப்புறம் மூக்கு. அந்த ஊர் மேயர் என்று நான் படித்துச் சொன்னேன். அப்பாவின் கை தானாக வணக்கத்துக்குப் பாதி உயர்ந்து இறங்கியது.

அப்புறம் அவர் வேலையை ஆரம்பித்தார். அந்தப் பக்கம் என்ன, இந்தப் பக்கம் என்ன, அதில் போ, ஒன்றுமில்லையா, திரும்பு. டீக்கடையும் சலூனும் இல்லாத ஊரை எப்படி நம்புவது என்று அவருக்கு உள்ளுக்குள் இருந்தது. ஆனால் ஆஸ்பத்திரி இருந்தது. வாரத்தில் இரண்டு நாள் சந்தை கூடுகிறது என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். சந்தை கூடுகிற ஊரில் மனிதர்கள் மனிதர்களாகத்தான் இருப்பார்கள் என்பது அவர் சித்தாந்தம். மேரியில் வேலை செய்கிறவர்கள் பட்டியலில் பெயரைப் போட்டு மாமா தேடினார். பூங்கா, தோட்டம் என்ற பிரிவில் பையனின் பெயர் கறுப்புப் பட்டையாக மின்னி நின்றது. அப்பா முகம் சுருங்கியது.

"தோட்ட வேலையா?"

"ஊரு பூரா பூச்செடி வெக்கிறது மாமா. கவர்மென்ட் உத்தியோகம். யாரையும் ஏமாத்தி சம்பாதிக்கிற வேலை இல்ல" என்றார் மாமா. அன்று முழுவதும் இப்படித்தான் மாப்பிள்ளைக்கு வக்கீல் மாதிரி பேசிக்கொண்டிருந்தார். போட்டோவில் பூச்செடி இருந்ததே என்று அப்பாவுக்கும் ஞாபகம் வந்தது. பொய் சொல்லவில்லை என்று தலையை ஆட்டிக்கொண்டார்.

எனக்கு வேறொரு விஷயம் உறுத்திக்கொண்டிருந்தது. அந்த ஊரில் நாங்கள் போகாத வார்த்தைகள்கூட ஊதாவாக இருந்தன. நூலகம் ஊதா. பஸ் நேரம் ஊதா. நீச்சல் குளம்கூட ஊதா. "மாமா, இங்கல்லாம் யாரோ ஏற்கனவே வந்துட்டுப் போயிருக்காங்க" என்றேன்.

"யாரு?" என்றார் அப்பா.

"நான்தான் நேத்து வழி பாத்து வெச்சேன்" என்றார் மாமா. மச்சானுக்குத்தான் எத்தனை பொறுப்பு என்று அப்பா அவர் தோளில் தட்டினார். நான் விடவில்லை. இன்னும் பார்க்காமல் விட்ட ஊதா எங்கே எங்கே என்று மேலிருந்து கீழே எழுத்துக் கூட்டிக்கொண்டே வந்தேன். அடியில் ஒன்று கண்ணில் பட்டது. மாமா அந்தப் பக்கமே போகாமல் இரண்டு முறை மேலே ஏற்றியிருந்தார். சத்தமாகப் படித்தேன்.

"எத்தா சிவில்."

அப்பாவுக்குப் பிரெஞ்சு தெரியாதுதான். ஆனால் எங்கள் ஊரில் அந்த வார்த்தை தெரியாத ஆள் கிடையாது. பிறப்பு, கல்யாணம், சாவு மூன்றையும் எழுதிவைக்கிற பதிவேட்டுக்கு அதுதான் பேர். பள்ளிக்கூடத்தில் சேர்க்க, பெயர் மாற்ற, எதற்கும் அங்கேதான் போய் நிற்க வேண்டும். அப்பா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"அட, எத்தா சிவிலும் இதுல இருக்குதா? சலூன்காரன் மறைப்பான், எத்தா சிவில் மறைக்காது. அதத் தொற மச்சான்."

அது வெறும் விண்ணப்ப பாரம்தான் என்றார் மாமா. இருந்தாலும் பார்த்துவிடுவோம் என்றார் அப்பா. நானும், ஊதாவாக இருக்கிறதே, நீங்கள்தானே பார்த்தீர்கள், காட்டுங்கள் என்று குதித்தேன். மாமா அசையவில்லை. சரி, நானே அழுத்துகிறேன் என்று மவுஸை இழுத்துக்கொண்டேன். அம்பு கையாக மாறியது. அழுத்தினேன். மேயர் மறைந்தார். வெள்ளைப் பக்கம் வந்தது. மேலே ஒரு வரி தலைப்பு. வருஷம். மாதம். அடுத்த வரி வரத் தொடங்கியது.

கம்ப்யூட்டர் அணைந்துபோனது.

"கரண்ட்டு போயிடுச்சி" என்றார் மாமா.

மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அப்பா நெற்றி வேர்வையைத் துடைத்து, அந்தக் காற்றுக்கு முகத்தைக் காட்டியபடி, இந்த நேரத்தில்தானா போக வேண்டும் என்று அலுத்துக்கொண்டார். நான் மேசைக்கு அடியில் பார்த்தேன். சுவரோரம் ஸ்விட்ச் பலகையின் மேல் மாமாவின் கால் கட்டைவிரல் இருந்தது.

அப்பாவின் முகம் மாறியது. நல்ல காரியம் விசாரிக்கிற இடத்தில் விளக்கு அணைந்ததுபோல் ஆகிவிட்டதே, சகுனம் சரியில்லையே என்று முனகினார். ஐந்து வரனைச் சின்னச் சின்னக் காரணத்துக்குக் கழித்தவர். இதற்கும் கழித்துவிடுவார் என்று எனக்கே தோன்றியது. அவ்வளவுதான், பிரான்சு முடிந்தது என்று நினைத்தேன். மாமா சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார்.

"மணி நாலு இருபத்தெட்டு மாமா. ராகு காலம் பொறக்கறதுக்குள்ள அதுவா நின்னுடுச்சி. இதவிட நல்ல சகுனம் என்ன வேணும்?"

அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, நல்ல ஊரு, சந்தை இருக்குது, பையன் பொய் சொல்லல, பேசி முடிச்சிடலாம் என்றார். வாசலில் செருப்பு மாட்டும்போது அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தேன். தங்கையை வீட்டிலேயே கிழவியாக்கிவிடுவோமோ என்ற பயம் அவருக்கும் இருந்திருக்கிறது.

அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரிய ரொம்ப வருஷம் ஆனது. அத்தைதான் சொன்னார். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை அவர் ஊருக்கு வருவார். ஒரு முறை நானும் அவரும் மட்டும் குருசுக்குப்பம் பக்கம் கடலோரமாக நடந்துபோன காலையில், எந்த முன்னுரையும் இல்லாமல் சொன்னார். வரன் வந்த மறுவாரம், மாமா சாப்பிடப் போயிருந்த ஒரு மத்தியானம், அவசர மனுவுக்காகச் சீக்கிரமே கடைக்கு வந்தவர், தனியாக அந்த ஊரைத் தேடித் திறந்திருக்கிறார். நான் வாழப் போகிற இடத்தை நானே பார்க்கக்கூடாதா என்று ஒரு ஆசை. நூலகம், பஸ், நீச்சல் குளம் என்று ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் எத்தா சிவிலுக்கும் போயிருக்கிறார். மாதாமாதம் ஊரில் யார் பிறந்தார்கள், யாருக்குக் கல்யாணம், யார் செத்தார்கள் என்று வரிசையாகப் போட்டிருந்தார்களாம். மூன்று வருஷத்துக்கு முந்தைய ஒரு மாதத்தில், கல்யாணம் என்பதன் கீழே, மாப்பிள்ளையின் பெயரும் இன்னொரு பெண்ணின் பெயரும் இருந்தன.

"அன்னிக்கு ரெண்டு மனு தப்புத் தப்பா அடிச்சேன்" என்றார் அத்தை.

யாரிடமும் சொல்லாமல் மாப்பிள்ளைக்கே பிரெஞ்சில் கடிதம் எழுதியிருக்கிறார். பதில் வந்தது. ஆமாம், கல்யாணம் ஆனது உண்மை, ஒரே வருஷத்தில் அவள் போய்விட்டாள், கோர்ட்டில் பிரிந்தாயிற்று, அப்பா அம்மாதான் சொல்ல வேண்டாம் என்றார்கள், நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், மன்னிக்கவும். ஒளிக்காமல் எழுதினாரே, அந்த ஒரு கடிதத்தை நம்பித்தான் வந்தேன், நம்பினதில் தப்பில்லை என்றார் அத்தை. அண்ணனுக்குத் தெரிந்தால் இரண்டாந்தாரமா என்று அந்த நிமிஷமே முறித்திருப்பார். அது சத்தியமான பேச்சு. அப்பா அந்த வார்த்தையைக் கேட்டாலே எழுந்து போய்விடுவார்.

மாமாவின் பங்கை மாமாவிடமே கேட்டேன். அவர் இப்போதும் அதே தெருவில் ஜெராக்ஸ் கடைதான் வைத்திருக்கிறார். மனைவி, இரண்டு பிள்ளைகள், சர்க்கரை வியாதி எல்லாம் உண்டு. நான் ஆதார் அட்டை நகலெடுக்கப் போன ஒரு நாள் பேச்சோடு பேச்சாகக் கேட்டுவிட்டேன். மெஷினிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னார். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது ஊதா வரிசை அவர் கண்ணில் பட்டிருக்கிறது. ஒவ்வொன்றாகத் தானும் போய்ப் பார்த்திருக்கிறார். எத்தா சிவிலும் பார்த்திருக்கிறார். கல்யாணம் என்பதற்கான பிரெஞ்சு வார்த்தை மனுக்களில் பார்த்துப் பார்த்து அவருக்குப் பழகியிருந்தது. அன்று சாயங்காலமே அண்ணனிடம் சொல்லி அத்தை வரனை நிறுத்திவிடுவார் என்று எதிர்பார்த்தாராம். ஒரு நாள் போனது, ஒரு வாரம் போனது, அத்தை வாயைத் திறக்கவில்லை.

"படிச்சிட்டாங்க. படிச்சிட்டும் சொல்லல. அப்ப போவணும்னுதான் நெனைக்கிறாங்க. அதுக்கு மேல நான் யாரு?" என்றார் மாமா. என் நகல்களை மேசையில் தட்டிச் சமமாக்கிக் கொடுத்தார்.

நான் யாரு என்பதற்கு அம்மாவிடம் பதில் இருந்தது. அந்த வரன் வருவதற்கு ஒரு வருஷம் முன்னால் மாமா அம்மாவிடம் வந்து கேட்டிருக்கிறார். முறை இருக்கிறது, அக்கா வாழ்க்கைப்பட்ட வீட்டுப் பெண், என்ன தடை? தடை வயது. அத்தை அவரைவிட இரண்டு வயது பெரியவர். வெளியே சொன்னால் சிரிப்பார்கள், வாயை மூடிக்கொண்டு போ என்று அம்மா விரட்டிவிட்டாள். மாமா மூடிய வாயை மறுபடி திறக்கவில்லை. "நான்தான் பாவி" என்று அம்மா இப்போது சொல்கிறாள். இப்போது சொல்லி என்ன.

யோசித்துப் பார்க்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா ஒன்றுமே செய்ய வேண்டியிருக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும். அடுத்தடுத்த வரிகள் வந்திருக்கும், நான் படித்திருப்பேன், பிரான்சு வரன் அந்த இடத்திலேயே செத்திருக்கும். பழி என் வாயோடு போயிருக்கும், அவருக்கு ஒட்டாது. அத்தை மறுநாள் சாயங்காலம் வழக்கம்போல் அவர் கடைக்கு டைப் அடிக்க வந்திருப்பார்.

இதெல்லாம் தெரியாத நான் அன்று ஆத்திரத்தோடு வீட்டுக்கு வந்தேன். அத்தை மொட்டை மாடியில் காய்ந்த துணி எடுத்துக்கொண்டிருந்தார். அப்பா சரி சொன்ன செய்தி அவருக்கு அதற்குள் கீழேயிருந்து வந்துவிட்டிருந்தது. எனக்கு அதைவிட முக்கியமான செய்தி இருந்தது. மாமா பொய் சொன்னதை, ஃபேன் ஓடியதை, கட்டைவிரலை, எல்லாவற்றையும் கொட்டினேன்.

"எந்த எடத்துல அணைச்சாரு?" என்று கேட்டார் அத்தை.

"எத்தா சிவில். ஊதாவா இருந்துது. அவரே முன்னாடி பாத்திருக்காரு. எங்களுக்கு மட்டும் காட்டல."

அத்தையின் கை கொடியிலேயே நின்றுவிட்டது. கையில் என்னுடைய பாவாடை. அதை எடுக்கவும் இல்லை, விடவும் இல்லை. நான் கண்டுபிடித்த காரணத்தையும் சொன்னேன்.

"மாமாவுக்கு நீ அந்த ஊருக்குப் போறது புடிக்கல அத்த. அதான் வேணும்னே அணைச்சிட்டாரு."

அத்தை என்னைப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் இறங்கியது. எதற்கு அழுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. ஊரை முழுசாகக் காட்டவில்லையே என்றுதான் இருக்கும் என்று எண்ணினேன்.

"ஆமா" என்றார். "புடிக்காதுதான்."

அப்பாவிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வேண்டாம் என்றார். அவர் அப்படி அழுத்திப் பிடித்ததே கிடையாது. அதனால் சொல்லவில்லை. ஆனால் மாமாவைத் தண்டிக்காமல் விடுவதில்லை என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். கடைக்குப் போவதை நிறுத்தினேன். தெருவில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அடுத்த மாதம் நிச்சயதார்த்தம். பந்தி விசாரிப்பதெல்லாம் மாமாதான், வேர்க்க விறுவிறுக்க ஓடிக்கொண்டிருந்தார். ஜிலேபித் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையாக வந்தவர் என் முன்னால் வந்ததும் குனிந்து, எனக்கென்று தனியாக இரண்டை எடுத்து நீட்டினார். அத்தையைப் போகவிடாமல் தடுக்கப் பார்த்த ஆளிடம் நான் எதையும் வாங்குவதாக இல்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தபடி நின்றேன். மாமா கொஞ்ச நேரம் அப்படியே குனிந்திருந்தார். பிறகு இரண்டையும் தட்டில் வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கொடுக்கப் போனார்.